பழசுக்கு மரியாதை: பந்தை விழவிடாத மனிதர்கள்!

60 வயது பின்பால் மெஷின்களை மறுபடியும் ஓட வைப்பவர்களின் கதை

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கம்ப்யூட்டரைத் தொட்டவர்களுக்கு அந்த விளையாட்டு கட்டாயம் ஞாபகம் இருக்கும். விண்வெளி மாதிரி ஒரு மேஜை. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால், வெள்ளிப் பந்து ஓரமாக விர்ரென்று மேலே ஏறும். உருண்டு கீழே வரும்போது இரண்டு துடுப்புகளால் தட்டித் தட்டி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். சாலிட்டேர், மைன்ஸ்வீப்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதன் பெயர் 'பின்பால்'. இன்டர்நெட் இல்லாத வீட்டு கம்ப்யூட்டர்களில் எத்தனை கோடை விடுமுறைகளை அது விழுங்கியிருக்கும்!

விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்த விளையாட்டு காணாமல் போனது. காரணம் வேடிக்கையானது. 64-பிட் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றியபோது, பந்து எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு கீழே விழுந்துவிட்டது. வெளியிலிருந்து வாங்கிய புரோகிராம் என்பதால், உள்ளே எங்கே கோளாறு என்று மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் விளையாட்டையே தூக்கிவிட்டார்கள். அந்நிறுவனத்தின் ரேமண்ட் சென் இதைப் பின்னாளில் எழுதினார். (ஆர்வலர்கள் சிலர் அதைப் பிற்பாடு மீட்டெடுத்தது தனிக்கதை.)

பத்து வருடம்கூட நிரம்பாத ஒரு விளையாட்டை உலகின் பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தால் சரிசெய்ய முடியவில்லை. ஆனால், அந்த விளையாட்டுக்கு மூலமான நிஜ பின்பால் மெஷின்? மரமும் கண்ணாடியும் ரப்பரும் கட்டுக்கட்டாக ஒயரும் சேர்ந்த அந்தப் பெட்டி, 1960-ல் செய்ததாக இருந்தாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சால்டரிங் அயர்ன், நிறையப் பொறுமை இருந்தால் இன்றைக்கும் ஓடும். ஓட வைக்கிறார்கள் சிலர்.

ஆணி அடித்த பலகை

திருவிழாக் கடைகளில் ஒரு பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பலகையில் வரிசையாக ஆணிகள். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே போய், ஆணிகளில் முட்டி மோதி ஏதோ ஒரு குழியில் வந்து விழும். அதுதான் பின்பாலின் பாட்டன். 'பேகடெல்' என்று பெயர். 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் பிரபுக்கள் குச்சியால் பந்தைத் தள்ளி விளையாடியது இது. 1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர், குச்சிக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த தள்ளுகோலைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். பின்பாலில் இருக்கும் 'பின்', அந்த ஆணிகள்தான்.

1931-ல் அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் சிக்கித் தவித்தது. வேலை இல்லை, கையில் காசு இல்லை. அந்த நேரத்தில் சிகாகோவைச் சேர்ந்த டேவிட் காட்லீப், 'பேஃபிள் பால்' என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார். கடைக்காரருக்கு விலை 17.50 டாலர். ஒரு சென்ட் போட்டால் ஐந்து முதல் ஏழு பந்துகள் கிடைக்கும். மின்சாரம் தேவையில்லை, கடை கவுன்ட்டர் மேலேயே வைத்துவிடலாம். 50,000 பெட்டிகளுக்கு மேல் விற்றன. ஆர்டர் கொடுத்தும் போதுமான பெட்டி கிடைக்காத விற்பனையாளர் ரேமண்ட் மொலோனி, 1932-ல் தானே 'பாலிஹூ' என்ற பெட்டியைச் செய்தார். 'பாலி' நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

விளையாடுபவர்கள் சும்மா இருப்பார்களா? பெட்டியைத் தூக்கினார்கள், இடித்தார்கள், அடியில் குத்தினார்கள். ஹாரி வில்லியம்ஸ் என்ற வடிவமைப்பாளர் முதலில் பெட்டியின் அடியில் ஆணிகளை அடித்து வைத்தார் என்று ஒரு கதை உண்டு. கை கிழியும் என்பதால் அதை விட்டுவிட்டு, பெட்டி அளவுக்கு மீறி அசைந்தால் ஆட்டத்தையே நிறுத்தும் ஒரு சின்னக் கருவியைக் கண்டுபிடித்தார். அதுதான் 'டில்ட்'. கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்து மெஷின்களுக்குள் அப்படி ஒரு குண்டு, ஒரு வளையத்துக்கு நடுவே தொங்கும். லேசாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது. ஓங்கி இடித்தால் குண்டு வளையத்தைத் தொடும், விளக்குகள் அணையும், பந்து போச்சு! மெஷினை எவ்வளவு அசைக்கலாம் என்ற அந்த மெல்லிய எல்லையைத் தெரிந்துவைத்திருப்பதே பின்பாலில் பாதித் திறமை.

சுத்தியலால் அடித்த மேயர்

ஆரம்ப கால மெஷின்களில் துடுப்புகள் கிடையாது. பந்தை விட்ட பிறகு வேடிக்கை பார்ப்பதும், பெட்டியைத் தட்டுவதும்தான் வேலை. பல இடங்களில் ஜெயித்தவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள். ஆகவே, இது சூதாட்டம் என்ற குரல் எழுந்தது. 1942 ஜனவரியில் நியூயார்க் நகரம் பின்பாலைத் தடை செய்தது. மேயர் ஃபியொரெல்லோ லா கார்டியா, பறிமுதல் செய்த மெஷின்களைப் பத்திரிகையாளர்கள் முன்னால் சம்மட்டியால் உடைத்தார். பள்ளிப் பிள்ளைகளின் காசைத் திருடும் பெட்டி என்பது அவர் கோபம். போர்க்காலம் என்பதால், உடைத்த பெட்டிகளின் உலோகத்துக்கும் தேவை இருந்தது. இதில் பெரிய முரண், மெஷின்கள் உற்பத்தியான சிகாகோ நகரமே பின்பாலைத் தடை செய்திருந்ததுதான்!

தடை இருக்கும்போதே விளையாட்டு மாறியது. 1947-ல் காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மேப்ஸ், 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு துடுப்புகளை வைத்தார். பொத்தானை அழுத்தினால் துடுப்பு பந்தைத் தட்டிவிடும். 'ஃபிளிப்பர்' வந்துவிட்டது.

மறு வருடமே இன்னொருவர் அதைச் செம்மைப்படுத்தினார். ஸ்டீவ் கோர்டெக். இவர் பின்பாலுக்கு வந்த கதையே ஒரு சினிமா. 1937-ல் சிகாகோ தெருவில் நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை. ஒதுங்கலாம் என்று பக்கத்துக் கட்டடத்துக்குள் நுழைந்தார். அது 'ஜென்கோ' என்ற பின்பால் கம்பெனி. வரவேற்பில் இருந்தவர், வேலை தேடி வந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். ஒயர் பற்றவைக்கும் வேலை கிடைத்தது. 1948-ல் அவர் வடிவமைத்த 'ட்ரிபிள் ஆக்‌ஷன்' மெஷினில் ஆறுக்குப் பதிலாக அடியில் இரண்டே இரண்டு ஃபிளிப்பர்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டரில் நாம் தட்டிய இரண்டு துடுப்புகளின் வேர் அங்கே இருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய மனிதர் 100-க்கும் மேற்பட்ட மெஷின்களை உருவாக்கி, 2012-ல் தன் 100-வது வயதில் மறைந்தார்.

நியூயார்க் தடை நீங்கியது 1976-ல். ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர், நகர சபைக் குழுவின் முன்னால் மெஷினை வைத்து விளையாடிக் காட்டினார். இப்போது பந்து நடுப்பாதை வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தள்ளுகோலை இழுத்து விட்டார். பந்து சொன்ன வழியிலேயே போனது! இது திறமை விளையாட்டுதான் என்று குழு ஏற்றுக்கொண்டது. அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது என்று பிற்பாடு அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

மூளை இல்லாத புத்திசாலி

1970-களின் பிற்பகுதி வரை வந்த மெஷின்களில் சிப் என்ற பேச்சே கிடையாது. 'எலெக்ட்ரோ மெக்கானிக்கல்' ரகம். உள்ளே திறந்து பார்த்தால் தலை சுற்றும். வரிசை வரிசையாக ரிலேக்கள், காந்தக் காயில்கள், பல்சக்கரங்கள், நூற்றுக்கணக்கான சுவிட்ச் தகடுகள், துணி சுற்றிய ஒயர்கள்.

எத்தனையாவது பந்து ஓடுகிறது என்பதை ஞாபகம் வைத்திருப்பது ஒரு பல்சக்கரம். ஒவ்வொரு பந்து முடியும்போதும் ஒரு பல் நகரும். ஸ்கோரை ஞாபகம் வைத்திருப்பவை, பழைய கார் கிலோமீட்டர் காட்டி மாதிரி எண் எழுதிய உருளைகள். 50 பாயின்ட் எடுத்தால், அடியில் இருக்கும் சின்ன மோட்டார் சுழன்று ஐந்து முறை துடிப்பு கொடுக்கும். பத்தாம் இடத்து உருளை ஐந்து முறை நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் உலோகப் பட்டையைச் சின்னச் சுத்தி தட்டும். டிங், டிங், டிங், டிங், டிங். பழைய பின்பாலின் இசை யாரும் பதிவு செய்து வைத்ததல்ல. அந்த மெஷின் கணக்குப் போடும் சத்தம்.

இந்த மெஷின்கள் எதுவும் நீண்ட நாள் வாழ்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 'ஆபரேட்டர்' எனப்படும் உரிமையாளர் மெஷினை வாங்கி மதுக்கடையிலோ உணவகத்திலோ வைப்பார். விழும் காசைக் கடைக்காரரோடு பங்கு பிரித்துக்கொள்வார். சில வருடங்களில் புது மாடல் வரும். பழசு குடோனுக்குப் போகும், அல்லது குப்பைக்கு. ஈரமான அடித்தளங்களிலும் ஒழுகும் கொட்டகைகளிலும் பல வருடம் கிடந்துவிட்டு, இன்று ஒருவர் கைக்கு வந்து சேரும் மெஷினைத்தான் மறுபடி ஓட வைக்க வேண்டும்.

முதல் விதி: பிளக்கில் சொருகாதே!

பழைய மெஷின் வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கில் சொருகி ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பது. அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் விதி, அதைச் செய்யவே கூடாது என்பதுதான்.

காரணம் ஃபியூஸ். நம் ஊரில் ஃபியூஸ் அடிக்கடி போனால் தடிமனான கம்பியைச் சுற்றிவிடும் ஆட்கள் உண்டல்லவா? அங்கேயும் அதே ஆட்கள்தான். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் அவசரத்துக்கு அலுமினியத் தாளைச் சுற்றியிருப்பார்கள், அல்லது அளவுக்கு மீறிய ஃபியூஸைப் போட்டிருப்பார்கள். எங்கோ ஒரு காயில் ஷார்ட் ஆகியிருந்தால், அறுந்துபோக வேண்டிய ஃபியூஸ் அறாது. ஒயரும் மரமும் கருகும். ஆகவே முதலில் ஒவ்வொரு ஃபியூஸையும் கழற்றி, சரியான அளவில் புதுசு போட வேண்டும். மெயின் ஒயரின் ரப்பர் உறை நொறுங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அமெரிக்க மெஷின்கள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை என்பதால், 230 வோல்ட் நாடுகளில் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்காமல் தொடவே கூடாது.

அடுத்தது பந்து. பின்பால் பந்து சுமார் 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடை கொண்ட இரும்புக் குண்டு. துருப்பிடித்த பந்து, மேஜை மேல் ஓடும் உப்புத்தாளுக்குச் சமம். ஓடும் ஒவ்வொரு முறையும் பெயின்ட்டைச் சுரண்டும். மெஷினில் மாற்றுவதற்கு மிக மலிவான பொருளும் அதுதான். அதை மாற்றாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்களும் இருக்கிறார்கள்.

சி.பி பாயின்ட் தெரியுமா?

பழைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் என்ன செய்வார்? சி.பி பாயின்ட்டைக் கழற்றி, உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்து மாட்டுவார். பின்பால் மெஷினில் அப்படிப்பட்ட பாயின்ட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு துளி அழுக்கு, ஒரு பழைய கருகல். எங்கோ ஒன்று சரியாகத் தொடவில்லை என்றால் ஆட்டம் தொடங்காது, அல்லது ஸ்கோர் உருளை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துவிடவும் கூடாது. வெள்ளிப் பூச்சுள்ள பாயின்ட்டை அரத்தால் தேய்த்தால் பூச்சே போய்விடும். அதற்கு, நடுவில் ஒரு துண்டு விசிட்டிங் கார்டை வைத்து இழுத்தாலே போதும். கடினமான டங்ஸ்டன் பாயின்ட்டுக்குத்தான் அரம். ஒரு தகட்டைத் தேவையில்லாமல் வளைத்துவிட்டால், அதைச் சரிசெய்யப் பக்கத்துத் தகட்டை வளைப்போம். பிறகு அதற்குப் பக்கத்துத் தகட்டை. ஒரு கோளாறோடு வந்த மெஷின் ஒன்பது கோளாறோடு நிற்கும். அதனால்தான் ஒரு மெஷினோடு வரும் பொருள்களிலேயே விலைமதிப்பு கூடியது அதன் சர்க்யூட் வரைபடம். மேஜை விரிப்பு அளவுக்கு விரியும் அந்தத் தாளைப் படித்து, கோளாறு எந்த ரிலேவில் என்று முதலில் காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுக்கிறார்கள்.

இன்னொரு எதிரி எண்ணெய். ஓடவில்லை என்றதும் எண்ணெய் விடுவது மனித சுபாவம். ஆனால், காயிலுக்குள் ஏறி இறங்கும் தண்டுக்கு எண்ணெய் கூடவே கூடாது. தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். எண்ணிக்கை காட்டும் பல்சக்கரங்களில் 50 வருடங்களுக்கு முன்பு யாரோ தடவிய கிரீஸ், இன்று கோந்து மாதிரி இறுகிப்போயிருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி.

ஃபிளிப்பர் சோர்ந்துபோவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள் இருக்கும். ஒன்று, ஓங்கி அடிக்க. இன்னொன்று, தூக்கிய நிலையில் மெதுவாகப் பிடித்துவைக்க. துடுப்பு உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன சுவிட்ச் திறந்து, முதல் சுற்றிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிவிடும். அந்த சுவிட்ச் அழுக்கானால் ஃபிளிப்பருக்கு பலம் இருக்காது. திறக்கவே இல்லையென்றால், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போதே காயில் கருகிவிடும். சோர்ந்த ஃபிளிப்பரைப் பார்த்ததும் புதுக் காயில் வாங்க ஓடுகிறவர்கள், கால்மணி நேர வேலையைக் காசு கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

துடைத்தால் போச்சு!

மெஷினின் தலையில் நிமிர்ந்து நிற்கும் வண்ணக் கண்ணாடிக்கு 'பேக்கிளாஸ்' என்று பெயர். கடைக்குள் நுழைபவரைக் கைதட்டிக் கூப்பிடும் விளம்பரம் அதுதான். சர்க்கஸ், குதிரைப் பந்தயம், கடற்கரை, சீட்டுக்கட்டு ராணி என்று அந்தந்தக் காலத்து அமெரிக்காவின் ஆசைகள் எல்லாம் அதில் இருக்கும். காட்லீப் மெஷின்களுக்கு ராய் பார்க்கர் என்ற ஓவியர் வரைந்த படங்களுக்காகவே இன்று மெஷின் வாங்குபவர்கள் உண்டு.

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதைப் போலவே இங்கும் வண்ணம் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான். முன்னால் தெரிய வேண்டியதை முதலில் அச்சிட்டு, அதன் மேல் அடுத்தடுத்த நிறங்கள். வெளிச்சம் வர வேண்டிய இடங்களில் மட்டும் மெல்லிய பூச்சு. பின்னால் இருக்கும் குண்டு பல்புகளின் சூட்டிலும் குடோன் ஈரத்திலும் அந்த வண்ணம் கண்ணாடியை விட்டுப் பெயர ஆரம்பிக்கும்.

அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் பின்பக்கத்தை ஒரே ஒரு முறை துடைத்தால் போதும். 60 வருட ஓவியம் துணியோடு வந்துவிடும். இப்படி ஒரு நிமிடத்தில் அழிந்த கண்ணாடிகள் ஏராளம். முன்பக்கத்தை மட்டும் துடைத்து, பின்பக்கத்தின் மேல் நிறமற்ற அக்ரிலிக் பூச்சைத் தெளித்து, மிச்சமிருப்பதை அப்படியே நிறுத்திவைப்பதுதான் வழி. போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றலாம்.

பேட்டரி செய்யும் நாசம்

1970-களின் பிற்பகுதியில் சிப் வந்தது. ஸ்கோர் டிஜிட்டல் ஆனது. 1979-ல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'கோர்கர்' மெஷின் பேசவே ஆரம்பித்தது. இளைய மெஷின்தானே, சரிசெய்வது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். பல நேரங்களில் உண்மை நேர்மாறு.

அதிகபட்ச ஸ்கோரையும் கணக்குகளையும் நினைவில் வைக்க, சர்க்யூட் போர்டிலேயே பேட்டரி இருக்கும். டி.வி ரிமோட்டில் மறந்துவிட்ட பேட்டரி கசிந்து பச்சை பூத்ததைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஒரு ரிமோட் போனால் போகட்டும். இங்கே அந்தக் கசிவு போர்டின் தாமிரக் கோடுகளைத் தின்றுகொண்டே போய் சிப்பு வரை ஏறிவிடும். மரத்திலும் இரும்பிலும் ஆன 1960 மெஷின் ஓட, 1980 மெஷின் ஊமையாக நிற்பதற்குப் பல இடங்களில் இந்தப் பேட்டரிதான் காரணம். இப்போது விவரம் தெரிந்தவர்கள் பேட்டரியை போர்டிலிருந்து தள்ளி ஒயரில் வைக்கிறார்கள், அல்லது பேட்டரியே தேவைப்படாத நினைவகச் சிப்பை மாற்றிவிடுகிறார்கள்.

எவ்வளவு புதுசாக்கலாம்?

இந்த உலகத்தில் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. ஒரு பழைய மெஷினை எதுவரை புதுசாக்கலாம்?

மேஜைப் பலகையில் பந்து ஓடி ஓடிப் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. ஒரு தரப்பு, மொத்தமாக மறுபடி வரைந்து, மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு கொடுக்கும். சில பிரபல மாடல்களுக்குப் புதிதாக அச்சிட்ட பலகையே கிடைக்கிறது. பழசைக் கழற்றிவிட்டு அதை மாட்டிவிடலாம். பார்க்க, நேற்று ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு தரப்பு, சுத்தம் செய்து, மெழுகு தேய்த்து, ரப்பர் வளையங்களை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும். (கேரம் போர்டு மாதிரி பவுடர் போட்டுவிடாதீர்கள், இங்கே கார் பாலிஷுக்குப் போடும் மெழுகுதான்.) அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மரச் சட்டத்தின் ஓரத்தில் வரிசையாக சிகரெட் சுட்ட தழும்புகள். யாரோ ஒருவர் சிகரெட்டை அங்கே வைத்துவிட்டு இரண்டு கையாலும் விளையாடியிருக்கிறார். பக்கவாட்டில் கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள். ஒருவேளை ஒரு ஜோடியின் பெயர்களாக இருக்கலாம். அதைத் தேய்த்து அழித்துவிட்டால் மெஷின் அழகாகும். ஆனால், அந்த மெஷின் எங்கே இருந்தது, யாரோடு இருந்தது என்பதும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு ஒரே பதில் கிடையாது. துருவேறி, கரையான் அரித்து, முக்கால்வாசி போய்விட்ட மெஷினுக்குப் புதுப் பலகை ஒரு மறுபிறவி. நன்றாக இருக்கும் மெஷினுக்கு அதே பலகை ஒரு முகமூடி. பொதுவாகப் பலரும் கடைப்பிடிப்பது ஒரு சின்ன விதி: பிற்பாடு ஒருவர் வந்து மாற்ற நினைத்தால் மாற்ற முடிகிற மாதிரி வேலை செய். கழற்றியதைத் தூக்கிப் போடாதே. ஒரு பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே வை.

தொட்டால்தான் உயிர்

இதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. சரிசெய்த பிறகு அதை விளையாட விடலாமா? ஒவ்வொரு ஆட்டமும் பெயின்ட்டைத் தேய்க்கிறது, ரப்பரைக் கிழிக்கிறது, பாயின்ட்டைக் கருக்குகிறது. காப்பாற்ற வேண்டும் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டத்தானே வேண்டும்?

அமெரிக்காவின் பின்பால் மியூசியங்கள் வேறு முடிவு எடுத்திருக்கின்றன. லாஸ் வேகஸில் டிம் ஆர்னால்டு தொடங்கிய 'பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்' பெயரில்தான் பெருமைக்கூடம். உள்ளே போனால், பல பத்தாண்டுகளின் மெஷின்கள் வரிசையாக, காசு போட்டால் ஓடத் தயாராக நிற்கின்றன. லாபமும் அறப்பணிக்குப் போகிறது. கலிஃபோர்னியாவின் அலமீடாவில் இருக்கும் 'பசிஃபிக் பின்பால் மியூசியம்' நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மெஷின்களை இஷ்டம்போல் விளையாட விடுகிறது. உடல் முழுக்க ஒளி ஊடுருவும் வகையில் செய்த ஒரு மெஷினும் அங்கே உண்டு. பந்து மேலே ஓட, அடியில் எந்த ரிலே துடிக்கிறது என்று குழந்தைகள் நேரிலேயே பார்க்கலாம்.

இப்படி விடுவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. மாதக்கணக்கில் சும்மா நின்றால் பாயின்ட்டுகளில் மறுபடி அழுக்குப் படியும், பல்சக்கரம் இறுகும். ஓடும் மெஷின்தான் தொடர்ந்து ஓடும். ஆனால், அது ஓட வேண்டும் என்றால் சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும். அங்கேதான் உண்மையான கவலை.

1992-ல் பாட் லாலர் வடிவமைத்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 மெஷின்கள் விற்றுச் சாதனை படைத்தது. வெறும் ஏழே வருடத்தில், வீடியோ கேம் வெள்ளத்தில் தொழில் கவிழ்ந்தது. 1999-ல் வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் தயாரிப்பையே நிறுத்தியது. கேரி ஸ்டெர்னின் 'ஸ்டெர்ன் பின்பால்' மட்டுமே பெரிய தயாரிப்பாளராகப் பல வருடங்கள் தாக்குப்பிடித்தது. பிறகு புதிய கம்பெனிகள் வந்தன. இன்று புது மெஷின்கள் மறுபடி விற்கின்றன. ஆனால், ரிலேயின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்ன அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு இன்று வயதாகிவிட்டது. உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்துவிடலாம். அந்தக் காதுகளைச் செய்ய முடியாது. அதனால்தான் வயதானவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் இளைஞர் ஒவ்வொருவரும் இந்த உலகத்தில் ஒரு மெஷினைவிடப் பெரிய சேமிப்பு.

பின்பாலில் யாரும் கடைசிவரை ஜெயிப்பதில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் கடைசிப் பந்து இரண்டு ஃபிளிப்பர்களுக்கும் நடுவே நழுவத்தான் போகிறது. இன்னும் கொஞ்ச நேரம் மேலே வைத்திருப்பதுதான் ஆட்டம். பழைய மெஷின்களைச் சரிசெய்கிறவர்களுக்கும் அது தெரியும். இன்று மாற்றிய ரப்பர் சில வருடங்களில் வெடிக்கும்; இன்று தேய்த்த பாயின்ட் மறுபடி கருகும். மறுபடியும் கண்ணாடியைக் கழற்றி, வரைபடத்தை விரித்து உட்காருவார்கள்.

பின்பால் மெஷின் நம் வீடுகளில் இல்லாமல் இருக்கலாம். ஆனால், பரணில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவோ, டேப் ரெக்கார்டரோ, வீடியோ கேம் ரிமோட்டோ நிச்சயம் இருக்கும். சரிசெய்ய நேரம் இல்லையா? பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, உள்ளே இருக்கும் பேட்டரியை மட்டுமாவது கழற்றி வைத்துவிடுங்கள். பிற்பாடு அதைத் திறக்கப்போகும் யாரோ ஒருவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.